ஹெபடைடிஸ் சி: பத்து வருடத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பியவர்களை இப்போது எப்படிக் கூப்பிடுவது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். ஒரு தாலுகா ஊரில், சிறிய தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்பு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளின் முடிவை எழுதி வைக்கும் நோட்டுகள் எங்களிடம் 2009-லிருந்து இருக்கின்றன. பீரோவை ஒழுங்கு செய்யும்போது புரட்டிப் பார்த்தேன். 'ஹெச்.சி.வி. ரியாக்டிவ்' (கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கான டெஸ்ட் பாசிட்டிவ்) என்று சிவப்பு மையில் எழுதிய பெயர்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானோர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. இப்போது மாத்திரை வந்துவிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேருக்குப் போன் செய்தேன். முதல் ஆள், "அன்னைக்கு ஹெர்னியா ஆபரேஷன் பண்ண மாட்டோம்னு துரத்தி விட்டுட்டு, இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில் மருமகள் எடுத்தார். நான் விவரத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது அந்த அம்மாவுக்கு வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளராம். எனக்கு மனசே ஆறவில்லை. எங்கள் டாக்டரோ, "விடுங்க சிஸ்டர், அவங்க வேற எங்கயாவது பார்த்திருப்பாங்க" என்கிறார். விட்டுவிடுவதா, தொடர்வதா? தொடர்ந்தால் யாரை முதலில் கூப்பிடுவது, என்ன சொல்வது?

பதில்: தொடருங்கள் சிஸ்டர். கல்லீரல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் மிக முக்கியமானது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'வேறு எங்காவது பார்த்திருப்பார்கள்' என்று உங்கள் டாக்டர் சொல்வது சிலர் விஷயத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் என் ஓ.பி.யில் நான் பார்ப்பது வேறு. வயிறு வீங்கி, கால் வீங்கி, ரத்த வாந்தி எடுத்து வருகிறவர்களிடம் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், பிளாஸ்டிக் பையின் அடியிலிருந்து பத்து, பன்னிரண்டு வருடம் முந்தைய ரிப்போர்ட் ஒன்று வரும். அதில் 'ரியாக்டிவ்' என்று இருக்கும். "அப்ப என்ன சொன்னாங்க?" என்றால், "கண்ணு ஆபரேஷன் இங்க பண்ண முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாங்க சார்" என்பார்கள். கல்லீரலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கிருமி இருபது வருடம்கூட ஒரு வலியும் கொடுக்காமல் உள்ளே இருக்கும். ஒன்றும் செய்யாத நோய்க்கு ஒருவர் தானாக டாக்டரைத் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் நோட்டு தொடங்கும் 2009-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு இருந்த சிகிச்சை, வாரம் ஒரு பெக் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே தினமும் ரிபாவிரின். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். செலவு லட்சக்கணக்கில். ஊசி போட்ட அன்று காய்ச்சல், உடம்பு வலி. போகப் போக ரத்த சோகை, முடி கொட்டுதல், சிலருக்கு மன அழுத்தம். இத்தனையும் தாங்கிக்கொண்டாலும், கிருமியின் வகையைப் பொறுத்து, பாதிப் பேருக்குக் கூட குணமாகாமல் போவது உண்டு. அந்த நிலையில் ஒரு விசைத்தறித் தொழிலாளியோ கட்டட வேலைக்காரரோ சிகிச்சையைத் தொடராமல் போனதை 'அலட்சியம்' என்று எழுதி வைக்க எனக்கு மனம் வராது. அவர் போட்ட கணக்கு அன்றைக்குச் சரியான கணக்குதான்.

அந்தக் கணக்கு மாறியது 2013 டிசம்பருக்குப் பிறகு. சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 12 வாரச் சிகிச்சையின் விலை அங்கே 84,000 டாலர். 2014-ல் இந்திய நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுக்கப்பட்டது. 2015-ல் இங்கே 28 மாத்திரை கொண்ட ஒரு டப்பா ஏறக்குறைய 20,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அப்புறம் விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து பரிசோதனை, மாத்திரை எல்லாமே அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். பெரும்பாலானோருக்கு சோஃபோஸ்புவிரும் டாக்ளடாஸ்விரும் சேர்த்து தினம் ஒரு வேளை, 12 வாரம். சரியாகச் சாப்பிட்டால் 100-ல் 95 பேருக்காவது கிருமி முழுதாகப் போய்விடுகிறது.

உங்கள் நோட்டில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்கள் காதில் கடைசியாக விழுந்தது, 'மருந்து ரொம்பச் செலவு' என்பதோ, 'ஆபரேஷன் பண்ண முடியாது' என்பதோதான். ஆகவே உங்கள் போன், தவறு செய்தவரைத் தேடிப் பிடிக்கிற போன் கிடையாது. அவருக்கு வர வேண்டிய ஒரு நல்ல சேதி, வருடக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேருகிறது. இந்த நினைப்போடு பேசினால் உங்கள் குரலிலேயே அது தெரியும்.

சரி, போனை எடுக்கும் முன்பு நோட்டோடு ஒரு நாள் உட்காருங்கள்.

முதலில், 'ரியாக்டிவ்' என்ற சொல்லை நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லேபில் செய்தது எதிரணுப் (ஆன்டிபாடி) பரிசோதனை. கிருமி ஒரு காலத்தில் உடம்புக்குள் வந்ததற்கான தடயத்தை மட்டும் அது காட்டும். கிருமி போன பிறகும் அந்தத் தடயம் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு, மருந்தே இல்லாமல், ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, கார்டு டெஸ்ட்டுகளில் சில நேரம் தப்பான 'ரியாக்டிவ்'வும் வரும். இப்போது கிருமி இருக்கிறதா என்று சொல்வது ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனைதான். அந்த அறுபது சொச்சம் பேரில் கணிசமானோருக்கு நோயே இல்லாமல் இருக்கலாம். தனித் தட்டில் சாப்பிடும் அந்த அம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். 'உங்களுக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள்' என்று சொல்வதற்காகவும் கூப்பிடத்தான் வேண்டும்.

அடுத்தது, யாரை முதலில் கூப்பிடுவது? இதற்கு விடை உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு பிளேட்லெட், எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) இரண்டும் பார்த்திருப்பீர்கள். எஸ்.ஜி.ஓ.டி. எண்ணை 40-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட் எத்தனை ஆயிரமோ அதால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக, எஸ்.ஜி.ஓ.டி. 96, பிளேட்லெட் 80,000. 96-ஐ 40-ஆல் வகுத்தால் 2.4, நூறால் பெருக்கினால் 240, அதை 80-ஆல் வகுத்தால் 3. இந்தக் கணக்கை ஏப்ரி என்போம். 2-க்கு மேல் போனால் கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது, அதாவது சிர்ரோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே அப்படி இருந்தவர் இன்று எந்த நிலையில் இருப்பார் என்று யோசியுங்கள். அவர்தான் முதல் போன். டெங்குக் காய்ச்சலோடு வந்தபோது எடுத்த எண்ணாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

எஸ்.ஜி.ஓ.டி. எழுதியிருக்காவிட்டாலும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தவர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அடுத்து, குடிப்பழக்கம் என்று குறித்திருந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள். இந்தக் கிருமியோடு இருபது வருடம் இருப்பவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேர் வரை சிர்ரோசிஸுக்குப் போகிறார்கள். குடியும் சர்க்கரையும் சேர்ந்தால் அது இன்னும் சீக்கிரம் வரும். இனிமேல் குழந்தை பெறக்கூடிய வயதில் இருக்கும் பெண்களையும் பின்னுக்குத் தள்ளாதீர்கள். கர்ப்பமானால் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டிவரும். கிருமி குழந்தைக்குப் போகவும் ஓரளவு வாய்ப்பு உண்டு. முன்பே முடித்துவிட்டால் இரண்டு கவலையும் இல்லை.

நெதர்லாந்தில் இதே வேலையை நாடு முழுவதற்குமாகச் செய்தார்கள். பழைய லேப் பதிவுகளைத் தோண்டி எடுத்து, சிகிச்சைக்கு வராமல் விட்டுப்போனவர்களைத் தேடிக் கடிதம் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பட்டியல் முதலில் பெரிதாகத் தெரிந்தது. சரிபார்க்கச் சரிபார்க்கச் சுருங்கிக்கொண்டே போனது. பலர் ஏற்கெனவே குணமாகியிருந்தார்கள், சிலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் நாட்டை விட்டே போயிருந்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அறுபதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரே ஆள் இரண்டு ஆபரேஷனுக்கு வந்து இரண்டு முறை எழுதப்பட்டிருப்பார், அதையும் பாருங்கள்.

இனி போன். இதில்தான் உங்களுக்கு அடிபட்டது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நோட்டில் இருப்பது பழைய நம்பர். அந்த சிம் கைமாறி, இன்று வேறு யாரிடமோ இருக்கலாம். 2009, 2010-ல் நம் ஊர்ப் பக்கம் பெண் நோயாளிகளின் பெயருக்கு நேராக எழுதியிருப்பது பெரும்பாலும் கணவரின் நம்பரோ மகனின் நம்பரோதான். அதனால் எடுக்கிற ஆள் நீங்கள் தேடுகிற ஆளாக இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே பேசத் தொடங்குங்கள். ஆளை உறுதி செய்யும்போது விவரத்தை நீங்கள் சொல்லாமல், அவரைச் சொல்ல விடுங்கள். வயது என்ன, எந்த வருடம் வந்தார், என்ன ஆபரேஷனுக்கு வந்தார் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது எடுத்தால் இவ்வளவு போதும்: "ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் பேசறேங்க. பழைய ரெக்கார்டு பார்த்துட்டிருக்கோம். அம்மாகிட்டதான் பேசணும், எப்பக் கூப்பிட்டா இருப்பாங்க?" என்ன விஷயம் என்று துருவிக் கேட்பார்கள். "அவங்ககிட்டயே சொல்லிடறேங்க" என்று பணிவாகச் சொல்லி வையுங்கள். கணவர் கேட்டாலும் இதேதான், மகன் கேட்டாலும் இதேதான். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. மருத்துவமனையின் சார்பில் பேசும் உங்களுக்கும் அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் அந்தப் போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரியான ஆள் கிடைத்துவிட்டால், "இப்பத் தனியாப் பேச முடியுமாங்க? இல்லேன்னா சாயங்காலம் கூப்பிடறேன்" என்று கேட்டுவிட்டு, அப்புறம் நான்கே வாக்கியம்:

"முன்னாடி நீங்க வந்தப்ப எடுத்த ரத்த டெஸ்ட்ல கல்லீரல் சம்பந்தமா ஒண்ணு இருந்துச்சுங்க. அப்ப அதுக்கு நல்ல மருந்து கிடையாது. இப்ப வந்திருக்கு, மூணு மாசம் மாத்திரை, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில காசு இல்லீங்க. உங்களுக்கு அது தேவையா இல்லையான்னே ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும்."

இதோடு நிறுத்திக்கொண்டு அவரைப் பேச விடுங்கள். புற்றுநோய், கல்லீரல் கெட்டுப்போகும், உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் முதல் போனில் வேண்டவே வேண்டாம். பயமுறுத்தினால் ஆட்கள் ஓடி வருவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, பயந்தவர் அந்த நம்பரை பிளாக் செய்கிறார். செலவில்லை, ஊசியில்லை என்று கேட்டவர்தான் பஸ் ஏறுகிறார்.

கோபப்பட்டாரே அந்த ஹெர்னியாக்காரர், அவரை ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள். "அன்னைக்கு உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாதுங்க. அதுக்கு மன்னிச்சுக்கங்க" என்று முதலில் சொல்லிவிடுங்கள். விளக்கம், சமாதானம் எதுவும் கூடவே சேர்க்க வேண்டாம். அவர் கோபம் நியாயமானது. இத்தனை வருடம் கழித்தும் அது ஆறாமல் இருக்கிறது என்றால், அந்த ரிப்போர்ட் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். நம்பர் மாறாமல் இருப்பதும் நல்லதாகப் போயிற்று.

அந்த அம்மா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே நேரில் போய், முதலில் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். வெளியே போனது அவருடைய விஷயம். மருமகளிடம் பேசலாமா என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவர்தான். அவர் சரி என்றால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். இது ரத்தத்தில் பரவுகிற கிருமி. ஒரே தட்டில் சாப்பிடுவதால், சமைப்பதால், பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதால், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவதால் வராது. பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் அவரவருக்குத் தனியாக இருந்தால் போதும். நம் ஊரில் 'கல்லீரல்' என்றதுமே மஞ்சள் காமாலை ஞாபகத்துக்கு வரும்; காமாலை என்றதும் தனிப் பாத்திரம் வந்துவிடும். தண்ணீரிலும் உணவிலும் பரவுவது ஏ வகையும் ஈ வகையும். இது அந்த வகை இல்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அப்புறம் அவருக்குத்தான் முதல் ஆர்.என்.ஏ. டெஸ்ட்.

நீங்கள் கூப்பிடுகிற சிலர் இறந்துபோயிருப்பார்கள். மனைவியோ மகனோ எடுப்பார்கள். வருத்தம் தெரிவித்துவிட்டு வையுங்கள், நோயைப் பற்றிப் பேச்சு வேண்டாம். மனைவியே "கல்லீரல்தான் போயிடுச்சு, எங்களுக்கும் வருமா?" என்று கேட்டால், அவரை டாக்டரிடம் அழைத்து வந்து பரிசோதித்துவிடுங்கள். கணவன் மனைவிக்குள் இது தொற்றுவது அபூர்வம் என்றாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

போனில் வரும் கேள்விகளில் அதிகம் வருவது கீழாநெல்லி. "நாங்க அப்பவே நாட்டு மருந்து குடிச்சுட்டோம், சரியாப் போச்சு" என்பார்கள். மறுத்து வாதம் செய்யாதீர்கள். கீழாநெல்லியால் ஹெபடைடிஸ் சி கிருமி போனதாக நிரூபணம் இல்லை. ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, "நல்லதுங்க, போயிடுச்சான்னு டெஸ்ட்ல பார்த்துடலாமே" என்பது வேலைக்கு ஆகும். குடிக்கிறவர்கள், "நிறுத்திட்டு வர்றேன்" என்பார்கள். நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடியை நிறுத்துவது கல்லீரலுக்கு நிச்சயம் நல்லது, ஆனால் குடிக்கிறார் என்பதற்காக மாத்திரையை மறுக்கக் கூடாது. போதை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதேதான். அவர்களை அதட்டாமல், முடிந்தால் அந்தப் பழக்கத்துக்கான மாற்று மருந்து கொடுக்கும் மையத்தோடும் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை குணமானாலும் இந்தக் கிருமி மறுபடி தொற்றும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

'வருகிறேன்' என்று சொன்னவர் வந்து சேருவதற்குள்தான் நாம் ஆட்களை அதிகமாக இழக்கிறோம். ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், மாத்திரைக்கு ஒரு நாள் என்றால் நாலு நாள் கூலி போகிறது. இரண்டாவது அலைச்சலிலேயே பலர் நின்றுவிடுவார்கள். அதனால் நீங்கள் ஒரு முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரில் போய் வாருங்கள். ஹெபடைடிஸ் திட்டத்தின் சிகிச்சை மையம் எங்கே இருக்கிறது என்று 104 சுகாதார உதவி எண்ணில் விசாரிக்கலாம். அங்கே கேட்க வேண்டியது: ஓ.பி. என்ன கிழமை, ஆர்.என்.ஏ. டெஸ்டுக்கு எத்தனை மணி வரை ரத்தம் எடுப்பார்கள், உங்கள் மருத்துவமனையிலேயே எடுத்து அனுப்பினால் வாங்கிக்கொள்வார்களா, எந்தப் பெயரைச் சொல்லிப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். 'ஜி.ஹெச்.சுக்குப் போங்க' என்றால் யாரும் போக மாட்டார்கள். 'செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இந்த நம்பர் ரூமில், இன்ன சிஸ்டரைப் பாருங்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்' என்றால் போவார்கள்.

காசநோய்க்குச் சளி பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் கருவிகளிலேயே, அதற்கான கார்ட்ரிட்ஜோ சிப்போ இருந்தால், இந்த ஆர்.என்.ஏ. டெஸ்டையும் செய்ய முடியும். உங்கள் பக்கத்து அரசு லேபில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாபில் 2016-ல் அரசே இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோது, சிகிச்சையைப் பெரிய கல்லீரல் மையங்களில் வைத்துக்கொள்ளாமல் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இறக்கினார்கள். சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவ ஆராய்ச்சி நிறுவன நிபுணர்கள் அங்கிருந்தே வீடியோ வழியாகப் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமானார்கள். மாத்திரை ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தால், சாதாரண பொது மருத்துவரே போதும்.

அனுப்பும்போது பழைய ரிப்போர்ட்டின் நகலைக் கையில் கொடுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சிர்ரோசிஸ் இருந்தால் டாக்ளடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர் கொடுப்போம். நம் ஜனங்கள் சர்வசாதாரணமாக விழுங்கும் பான்டபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை' அந்த மருந்தை உடம்பில் சேர விடாமல் செய்யும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இதயத்துக்கான அமியோடரோன் இவையெல்லாம் சிகிச்சை எழுதுகிற டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் முதலில் பார்த்தாக வேண்டும். சி கிருமி போகும்போது, அடங்கிக் கிடந்த பி கிருமி தலைதூக்குவது உண்டு. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு சிகிச்சையின்போது சர்க்கரை குறையலாம், அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகள் உங்கள் பட்டியலில் இருந்தால் அவர்களைத் தனியாகக் கூப்பிடுங்கள். 'கிட்னி ஃபெயிலியருக்கு இந்த மாத்திரை ஒத்து வராது' என்று 2016 வாக்கில் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்தத் தடையை நீக்கிவிட்டது. வயிறு வீக்கம், கண் மஞ்சள், ரத்த வாந்தி, மனக் குழப்பம் என்று யாராவது சொன்னால் மாவட்ட மருத்துவமனைக்குக்கூட வேண்டாம், நேராக மருத்துவக் கல்லூரிக்கு, அதுவும் அன்றைக்கே. அவர்களுக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் அருகிலிருந்து பார்க்க வேண்டிய சிகிச்சை அது.

உங்கள் டாக்டருக்கு ஒரு வார்த்தை, மரியாதையோடு. ஹெச்.சி.வி. ரியாக்டிவ் என்பதற்காக ஹெர்னியாவையோ கண்புரையையோ பிரசவத்தையோ மறுக்க மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. ஊசி குத்திக்கொண்டால் இந்தக் கிருமி தொற்ற வாய்ப்பு 100-க்கு இரண்டுக்கும் குறைவு. அதோடு, தொற்றிய புதிதில் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்றே வரும். ஆகவே இரட்டைக் கையுறை, கண்ணாடி, ஊசியைத் திரும்ப மூடாமல் டப்பாவில் போடுவது எல்லாம் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டியவை. ரியாக்டிவ் வந்தவருக்கு ஆபரேஷனை முடித்து, வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஆர்.என்.ஏ.-வுக்கு ரத்தம் எடுத்துவிட்டால், அவர் பெயர் இந்த நோட்டில் அனாதையாகக் கிடக்காது. உங்கள் டாக்டர் இதை ஒத்துக்கொண்டால், நீங்கள் செய்யும் அத்தனை போனையும்விட அது பெரிய காரியம்.

வர மாட்டேன் என்பவரை வற்புறுத்த வேண்டாம். உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை கூப்பிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். 'சரி' என்றால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், 'வேண்டாம்' என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு போனுக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் சொன்னதை எழுதி வைக்க நேரம் வேண்டும். அந்தக் குறிப்புகள் பழைய நோட்டில் வேண்டாம், பூட்டி வைக்கும் தனி நோட்டில் இருக்கட்டும்.

அந்தப் புது நோட்டில், ஒருவர் மாத்திரை தொடங்கிய அன்றே மூன்று தேதிகளை எழுதிவிடுங்கள். முதலாவது, 84 நாள் மாத்திரையும் முடியும் நாள். இரண்டாவது, அதிலிருந்து 12 வாரம் கழித்து வரும் நாள். அன்றைக்கு எடுக்கும் ஆர்.என்.ஏ.-வில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம் என்று சொல்ல முடியும். மாத்திரை தீர்ந்ததுமே 'சரியாகிவிட்டது' என்று நினைத்து, இந்த டெஸ்டுக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். எதிரணு டெஸ்ட் அப்போதும் 'ரியாக்டிவ்' என்றுதான் காட்டும், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்றாவது தேதி சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்கு மட்டும். கிருமி போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுருங்கிப்போன கல்லீரலில் கட்டி வரும் வாய்ப்பு குறைகிறதே தவிர, முழுதாகப் போய்விடுவதில்லை. அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்று எழுதி, அதற்கு ஒரு வாரம் முன்பு நீங்களே ஒரு போன் செய்துவிடுங்கள்.